பூ உதிர்ந்த வெயில்

கமுந்திங் தொழிற்சாலையில் வேலை போன பிறகு, பத்துமலை என்பவர் மலேசியாவின் பீடோர் ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மிளகாய் போட்டார். முன்பு ரப்பர் நின்ற மண் அது. வேலிக்கு அந்தப் பக்கம் ஷரபுதீனின் கொய்யாத் தோட்டம். ஈப்போவில் நெடுங்காலம் சாப்பாட்டுக் கடை நடத்திவிட்டு, மனைவி மௌத்தாகித் தனியானதும் இங்கே வந்து ஒதுங்கியவர் அவர். மண்வெட்டி பிடிக்கத் தெரியாத பத்துமலைக்குக் கூடவே நின்று பாத்தி எடுத்துக் கொடுத்தார். பம்பு நின்றுபோனால், "என் தொட்டியில இருந்து இழுத்துக்க தம்பி" என்பார்.

அந்த வருடம் வெயில் கொளுத்தியது. பொழுது சாய்ந்தும் சூடு இறங்கவில்லை. மழைக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் கூரையின் கீழ் மிளகாய்ச் செடிகள் வெள்ளை வெள்ளையாகப் பூத்தன. பிஞ்சு பிடிக்கும் என்று காத்திருந்தபோது, ஒரு காலையில் பூவெல்லாம் காம்போடு தரையில் கிடந்தன. மறுநாளும் அப்படியே.

அதே வாரத்தில்தான் ஷரபுதீன் வேலியோரப் புல்லுக்கு ராச்சுன் அடித்திருந்தார். பத்துமலைக்கு அந்தக் களைக்கொல்லியின் வாடை மூக்கிலேயே நின்றது; ஷரபுதீன்தான் செடியைக் கெடுத்தார் என்று முடிவு கட்டினார்.

"பாய் அப்படிச் செய்யிற ஆளா?" என்று கேட்டாள் அவர் மனைவி சாந்தினி.

அவர் காதில் வாங்கவில்லை. நேரே கோப்பிக் கடைக்குப் போனார். உட்கார்ந்திருந்த ஷரபுதீனைப் பார்த்து, "என் செடிக்கு விஷம் வெச்சிட்டு இங்க வந்து கோப்பி குடிக்கிறீங்களா?" என்று கத்தினார். கடையே திரும்பிப் பார்த்தது.

"காத்து இல்லாத நேரமாப் பாத்துத்தான் அடிச்சேன்லா," என்றார் ஷரபுதீன்.

"விஷம் வெக்கிறவன் வேற எப்படிப் பேசுவான்?"

ஷரபுதீன் எழுந்து போனார். பிறகு அவர் வேலிப்பக்கம் வரவே இல்லை. கொஞ்ச நாளில் தோட்டத்தை விற்றுவிட்டு, கமுந்திங்கில் மகள் ரஸ்னா வீட்டுக்குப் போய்விட்டார். வாங்கியவர் கொய்யா மரங்களைச் சாய்த்து நிலத்தைச் சும்மா போட்டார்.

பத்துமலை மறுபடி நட்டார். இப்போது பக்கத்தில் மருந்து அடிக்க ஆளே இல்லை. ஆனாலும் பூ கொட்டியது.

பயந்துபோய் விவசாய இலாகாவுக்குச் சொல்லியனுப்பினார். ஷர்மினி என்ற அதிகாரி வந்து செடிகளைப் புரட்டிப் பார்த்தாள்.

"மருந்து பட்டிருந்தா இலை முறுக்கிக்கும், அங்கிள். இலை நல்லா இருக்கே. சூடு தாங்கலன்னா மிளகாய்ப் பூவுல மகரந்தம் செத்துரும். காய்க்காத பூவைச் செடியே காம்போட கழட்டி விட்டுரும். ராத்திரியாவது குளிரணும். நீங்க மழைக்குப் போட்ட பிளாஸ்டிக் கூரை சூட்டை வெளிய விடல."

"போன தடவையும் இலை நல்லாத்தான் இருந்துச்சு. அதுவும் இதனாலதானா?"

"அதே வெயில்தானே, அங்கிள்."

அவள் போன பிறகும் பத்துமலை பாத்தியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு கமுந்திங் போனார். ஷரபுதீன் இளைத்திருந்தார். உள்ளே வரச் சொன்னார்.

"பாய், தப்பு என் மேலதான். வெயில்தான் பூவைக் கொட்ட வெச்சிருக்கு."

"உனக்கு இப்பதான் தெரியுது. நான் செய்யலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்லா."

"மன்னிச்சிருங்க பாய்."

ஷரபுதீன் சுவரைப் பார்த்தபடி பேசினார். "ஊருக்குச் சோறு ஆக்கிப் போட்ட கை இது, மலை. எத்தனை பிள்ளைங்க சாப்பிட்டு வளந்துச்சு. இந்தக் கையப் பாத்து விஷம்னு சொல்லிட்டியே. கோபம்லாம் போயிருச்சு. ஆனா அந்தச் சொல்லு போவ மாட்டேங்குது."

ரஸ்னா தேநீர் கொண்டுவந்தாள். இருவரும் குடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தினி கேட்டாள், "பாய் என்ன சொன்னாரு?"

"தே குடுத்தாரு," என்றார்.

மறுநாள் கூரையைப் பிரித்து எறிந்தார். மழை இறங்கி இரவுகள் குளிர்ந்ததும் செடிகள் பிஞ்சு பிடித்தன. முதல் பறிப்பில் நல்லதாகப் பார்த்து ஒரு பை கட்டி, கமுந்திங் போகிறவரிடம் கொடுத்தனுப்பினார். ரஸ்னா வாங்கிக்கொண்டதாகத் தகவல் வந்தது. பாயிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.