கொழுந்தன் வைத்த ஜீரோ

பட்டறைக்குப் புதிதாக யார் வந்தாலும் பட்டன் அக்கா முதலில் கண்ணை மூடச் சொல்வாள்.

"இப்ப அந்தச் சிவப்பு பட்டனைத் தட்டுங்க பாக்கலாம்."

வந்தவரின் கை காற்றில் துழாவும். மேஜை விளிம்பில் இடித்துக்கொள்ளும்.

"விரல் போன பிறகு தேடினா என்ன பிரயோஜனம்? மறுபடி."

மெஷினை அந்தக் கணமே நிறுத்தும் பட்டன் அது. கை தானாகப் போய் அதன்மேல் விழும்வரை விடமாட்டாள். பெயர் அப்படி வந்ததுதான்.

மரவேலைக்காரர்கள் சிலர் பங்கு போட்டுக்கொண்டு நடத்தும் பட்டறை. முன்பு துணிக்கிடங்காக இருந்த நீள அறை. ஜன்னல்கள் எட்டாத உயரத்தில். நடுவில் இரட்டைக் கட்டில் அளவுக்கு ரவுட்டர் மெஷின். கம்ப்யூட்டர் சொல்லும் வழியில் அதன் தலை நகர, தலையில் சுழலும் 'பிட்டு' என்கிற வெட்டும் அலகு பலகையை வெட்டிக்கொண்டே போகும். அதைத் துடைப்பது, தலை ஓடும் தண்டவாளக் கம்பிகளுக்கு எண்ணெய் தொட்டு வைப்பது, பிட்டைக் கவ்வும் பிடியில் தூசி ஏறியிருக்கிறதா என்று விளக்கடியில் பார்ப்பது எல்லாம் அக்காவின் வேலை. பின்னல் தொங்கினால் உள்ளே விடமாட்டாள். பாதுகாப்புக் கண்ணாடி போடாவிட்டால் கதவோடு சரி. கையுறை மாட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் அதிகத் திட்டு. "பிட்டு கையுறையைப் பிடிச்சா, விரல் இருக்கான்னு கேட்டுட்டா இழுக்கும்?" என்பாள்.

விதிகளைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தாள். எந்த விதிக்கும் காரணம் கேட்டால் விளக்கமாகச் சொல்வாள். கடைசி விதிக்கு மட்டும் சொல்லமாட்டாள். "மின்சாரம் போய் வந்தால் இரண்டாம் ஜீரோவுக்கு மாற்றிவிட்டுத் தொடங்கவும். முதல் ஜீரோவைத் தொடவேண்டாம்."

'என் பலகை இங்கே தொடங்குகிறது' என்று மெஷினுக்குக் காட்டிக் கொடுக்கும் புள்ளிதான் ஜீரோ. அந்த மெஷின் அப்படிப்பட்ட புள்ளிகள் சிலவற்றை நினைவில் வைத்துக்கொள்ளும். அணைத்தாலும் மறக்காது. மறுபடி உயிர் வந்ததும், யாரும் மாற்றாவிட்டால், முதல் ஜீரோவையே எடுத்துக்கொள்ளும்.

"முதல் ஜீரோவுக்கு என்னக்கா கேடு?" என்று யாராவது கேட்பார்கள்.

"அது அப்படித்தான்" என்பாள்.

முதல் ஜீரோ அவளுடைய கொழுந்தன் வைத்தது.

கொழுந்தன்தான் அந்த மெஷினைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவன். அவனுக்குச் சாப்பாடு கொடுக்க வந்தவள்தான் அக்கா. அதுவரை தையல் ஆலையில் மெஷின்களோடு மல்லுக்கட்டியவள். கம்பிகளில் அடை அடையாகத் தூசியைப் பார்த்ததும் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் துணியை எடுத்தாள்.

"விடுங்க அண்ணி, அது தானா உதிரும்."

"உன் தலைமுடியும்தான் தானா உதிருது. அதுக்கு எண்ணெய் வைக்கிற இல்ல?"

மறுநாளிலிருந்து அவளும் பட்டறையில் ஓர் ஆள். வெட்டவேண்டிய படத்தை அவன் கம்ப்யூட்டரில் வரைவான், அவள் மெஷினைக் கவனிப்பாள், நாள் முழுக்க இருவரும் சண்டை போடுவார்கள். எலியும் பூனையும் ஒரே கூரையின்கீழ் குடித்தனம் நடத்துவதாக மற்றவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை, அவள் வீட்டுக்குச் செருப்பு வைக்கும் அலமாரி ஒன்றை வெட்டத் தொடங்கினான். பாதியில் நிறுத்தி, மீதியைத் திங்களன்று பார்க்கலாம் என்றான். ஞாயிறு மதியம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்து அவள் பட்டறைக்கு வந்தபோது, பாதி வெட்டிய பலகையை யாரோ எடுத்துச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். மெஷினை இயக்கி, பழக்கத்தில் ஜீரோவுக்குப் போகச் சொல்லிப் பட்டனை அழுத்தினாள். தலை கிளம்பியது. எல்லோரும் ஜீரோ வைக்கும் மூலைக்குப் போகவில்லை. மேஜையின் நடுவே, ஒன்றுமில்லாத ஓர் இடத்தில் போய் நின்று, மெல்லக் கீழே இறங்கியது. இங்கேதான் விட்டேன் என்று சொல்வதுபோல் இருந்தது.

அன்றுதான் கடைசி விதியை எழுதி ஒட்டினாள். அதன்பின் தினமும் காலையில், யாரும் வருவதற்கு முன், மெஷினை இயக்கி, ஜீரோவுக்குப் போகச் சொல்லும் அந்தப் பட்டனை ஒருமுறை அழுத்துவாள். தலை நடுவில் போய் நிற்கும். பார்ப்பாள். பிறகு இரண்டாம் ஜீரோவுக்கு மாற்றிவிட்டுத் தூசி தட்டத் தொடங்குவாள்.

பட்டறையின் பங்குதாரர்களில் ஒருவரான பொம்மைக்காரர் ஒரு பள்ளிக்காக மரப் புதிர்ப்பலகைகள் வெட்டிக்கொண்டிருந்த மதியம் மின்சாரம் போனது. வந்ததும் மெஷினை மறுபடி இயக்கினார். பக்கத்தில் பெயர்ப்பலகை செய்யும் அம்மா தன் மருமகனைப் பற்றி ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டே வேலையை ஓட்டினார். ஜீரோவை மாற்றவில்லை. சுழலும் பிட்டோடு தலை நடுவுக்கு ஓடியது. அங்கே பலகையை இறுக்கியிருந்த இரும்புக் கிளாம்ப். படீரென்று ஒரு சத்தம். பொம்மைக்காரர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். கை மட்டும் போய்ச் சிவப்பு பட்டனில் விழுந்தது.

உடைந்த பிட்டின் நுனி அவருடைய கண்ணாடியில், இடது கண்ணுக்கு நேரே, குத்தி நின்றது.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றாள் பெயர்ப்பலகைக்காரம்மா. "இவ்ளோ பெருசா எழுதி ஒட்டியிருக்கு, கண்ணு தெரியலையா உங்களுக்கு? அக்கா, விதின்னா விதிதான். ஒரு மாசம் மெஷின் பக்கம் விடாதீங்க."

"என் தப்புதான்க்கா" என்றார் பொம்மைக்காரர். ஒரு மாதம் நின்றால் பள்ளி வேலை கைவிட்டுப் போய்விடும். அது எல்லோருக்கும் தெரியும்.

அக்கா அந்தக் கண்ணாடியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவரைக் கதவோரம் அழைத்துப் போனாள்.

"உங்க தப்பு இல்ல. அந்த முதல் ஜீரோ..."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். காலையில நீங்க அழுத்துறது. நாங்க வெளிய நிப்போம். அது நின்ன சத்தம் கேட்டப்புறம்தான் கதவைத் தட்டுவோம்."

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், தானே ஒரு கத்தியைத் திறந்து நடுவீட்டில் வைத்திருக்கிறாள். அதை ஊரே சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறது.

வீட்டில் தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். கணவர் பஸ் ஓட்டுகிறவர். தம்பி போனபிறகு பட்டறைப் பக்கமே வராதவர்.

"சோறு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

சொன்னாள். அவர் கையைக் கழுவாமல் அப்படியே கேட்டார்.

"அவன் வச்ச இடம் இன்னும் அதுல இருக்கா?"

"இருக்குங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அழிக்கச் சொல்லுவீங்கன்னு."

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "அதான் பயமா இருக்கு. நாம ரெண்டு பேருமா சேர்ந்து யார் கண்ணையாவது குத்தியிருப்போம்" என்றார்.

மறுநாள் காலை அவளோடு அவரும் வந்தார். கண்ணாடியை எடுத்து நீட்டினாள், மாட்டிக்கொண்டார். பட்டனை அழுத்தினாள். தலை நடுவுக்குப் போய் நின்று, இறங்கியது.

"ஏன் நடுவுல வச்சான்?"

"பலகையோட மூலையில கணு இருந்துச்சு, அதை விட்டுட்டு உள்ள தள்ளி வச்சான். வேற பலகை எடுக்கச் சோம்பல்."

"அவனேதான்" என்றார். சிரிப்பு வந்த இடத்திலேயே நின்றுபோனது. "இன்னொரு தடவை."

அழுத்தினாள். இந்தமுறை தலை நின்றதும் அவர் கை அதை நோக்கிப் போனது.

"கையை எடுங்க" என்றாள், புதிதாக வந்த யாரையோ அதட்டுவதுபோல. எடுத்துவிட்டார்.

கதவு தட்டும் சத்தம். பொம்மைக்காரரும் பெயர்ப்பலகைக்காரம்மாவும் வந்தார்கள். அக்கா பொம்மைக்காரரின் பலகையை மேஜையில் வைத்து இறுக்கச் சொன்னாள்.

"அப்ப தண்டனை இல்லையாக்கா?"

"இருக்கு. உங்க ஜீரோவை முதல் ஜீரோவா வைங்க."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். புதியதை வைத்தால் பழையது போய்விடும். "என்னால முடியாதுக்கா. வேற யாரையாச்சும் சொல்லுங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். மருமகன் பேச்சை நாள் முழுக்க நிறுத்தாத அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விதி எழுதினவ நான்தானே" என்றாள் அக்கா.

தலையைப் பலகையின் மூலைக்குக் கொண்டுவந்தாள். ஒரு துண்டுக் காகிதத்தைப் பிட்டுக்கு அடியில் வைத்து, அசைத்தபடியே மயிரிழை மயிரிழையாக இறக்கினாள். காகிதம் பிடிபட்டது. திரையில் கொழுந்தனின் எண்கள் இன்னும் இருந்தன. விரல் அங்கேயே நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அழுத்தினாள். எண்கள் மாறிவிட்டன. எந்தச் சத்தமும் வரவில்லை.

கணவர் கண்ணாடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று போய்விட்டார்.

அன்று முழுக்க மெஷின் மூலையிலிருந்துதான் புறப்பட்டது. கிளாம்ப் எங்கே இருந்தாலும் பயமில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை தலை நகரும்போதும் அவள் கண் அதற்கு முன்பே நடுவில் போய் நின்றுகொண்டது. ஒருமுறை பொம்மைக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"அங்க ஒண்ணும் இல்லக்கா."

"தெரியும்" என்றாள். "நீங்க பலகையைப் பாருங்க."