தேமல் எடுத்த நத்தை

எழுபதுகளில் விருத்தாசலத்தில் விலங்கியல் ஆசிரியராக இருந்தேன். என்னுடன் கல்லூரியில் படித்த நண்பன் ராமேஸ்வரம் பக்கம் கடலில் மூழ்கி, தண்ணீர் புகாத பெட்டிக்குள் கேமராவை வைத்துப் படம் எடுப்பான். ஓடில்லாத கடல் நத்தைகளின் படங்களை எனக்கு அனுப்புவான். கொம்பின் வடிவம், முதுகில் பூப்போல விரியும் செவுள், புள்ளிகள் இருக்கும் இடம், இவற்றை வைத்து இனம் சொல்வது என் பங்கு. யாரும் சம்பளம் தராத வேலைதான். ஆனாலும் ஊகத்தில் ஒரு பெயரும் எழுதியதில்லை.

ஒருமுறை நெகட்டிவையே அனுப்பியிருந்தான். அதில் மாறித் தெரிந்த கருப்பு வெள்ளையை மனதில் திருப்பிப் பார்த்தால், கரிய நத்தை, ஓரத்தில் வெள்ளைப் புள்ளி வரிசை. முதுகிலும் புள்ளிகள் தெரிந்தன. அவை உடம்பில் இருப்பவையா, பிளாஷ் வெளிச்சத்தில் மின்னிய மணல் துகள்களா? துகள் என்றால் எங்கும் கிடைக்கும் சாதாரண நத்தை. உடம்பில் என்றால், அந்தக் கரையில் அதுவரை யாரும் பார்த்துச் சொல்லாத இனம். பெரிதாக்கினால் தெரிந்துவிடும்.

கடைத்தெரு ஸ்டுடியோவில் கொடுத்து, பெரிதாக்க மட்டும் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். பெண் பார்க்க அனுப்பும் படங்களுக்கும், வெளிநாட்டு வேலைக்குப் போகும் மங்கலம்பேட்டைக்காரர்களின் பாஸ்போர்ட் படங்களுக்கும் பெயர் போன கடை அது.

படத்தை வாங்கிப் பார்த்தேன். முதுகு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

"பிரிண்ட் போட்டா வெள்ளை வெள்ளையா தேமல் மாதிரி இருந்துது சார். நெகட்டிவுலயே பிளேடால சொரண்டி எடுத்துட்டேன்" என்றார் கடைக்காரர். "ஓரத்துல இருந்தத மட்டும் வுட்டுட்டேன். ஜரிகை பார்டர் மாதிரி நல்லா இருந்துதுங்க."

"நான் உங்கள சொரண்டச் சொன்னனா?"

"அப்படியே குடுத்தா கடைக்குத்தான சார் கெட்ட பேரு. பொண்ணு போட்டோவ அப்படிக் குடுப்பனா?"

நெகட்டிவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பீங்கான் கோப்பையில் பளபளப்பான மேல்பூச்சு பெயர்ந்த இடங்கள்போல, சுரண்டிய தழும்புகள்தான் இருந்தன. தழும்பைப் பார்த்து அங்கே இருந்தது புள்ளியா, மணலா என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் மனைவியோ, படம் லட்சணமாகத்தானே இருக்கிறது, இதற்கா இத்தனை கோபம் என்று கேட்டாள்.

நண்பனுக்கு நடந்ததை எழுதினேன். நத்தையைப் பிடித்து வைக்காமல் படம் மட்டும் எடுப்பது அவன் வழக்கம். மறுபடி அதே பாறைக்குப் போனான். பாறை இருந்தது, நத்தை இல்லை.

சில வாரம் கழித்து அந்த வழியாகப் போனேன். ஸ்டுடியோவின் கண்ணாடி அலமாரியில், மணப்பெண்களுக்கு நடுவில், என் நத்தை சட்டம் போட்டு நின்றது. எனக்குத் தெரியாமல் தனக்கும் ஒரு பிரதி போட்டு வைத்திருந்திருக்கிறார். உள்ளே போய், உடனே எடுங்கள் என்றேன். போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள், வேறு எந்தப் படத்தைப் பற்றியும் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று அவர் பெருமையாகச் சொன்னார். எடுக்கவில்லை. பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"இது என்னான்னு எல்லாரும் கேக்கறாங்க சார். சரியான பேரு நீங்கதான் சொல்லணும். அடியில எழுதிடலாம்."