படிக்கட்டுக்கு அடியில் ஒரு ஷட்டர்

கடைத்தெருவில் ஷட்டர் அக்கா என்றால் தெரியாதவர் கிடையாது. அவள் சொந்தப் பெயரைக் கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று விழிப்பார்கள். காலையில் மருந்துக்கடை ஷட்டர் பாதியில் சிக்கி, ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது மட்டும் தெரு முழுக்க ஒரே குரல்தான் கேட்கும். "ஷட்டர் அக்காவைக் கூப்பிடுங்கப்பா!"

அவள் உட்கார்ந்திருப்பது வியாபாரிகள் சங்கக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில். ஒரு ஸ்டூல், ஒரு தகரப் பெட்டி, சுவரில் சாய்த்த ஏணி, கிரீஸ் டப்பா, பழைய ஸ்பிரிங்குகள் நான்கைந்து. அவ்வளவுதான் அவள் தொழிற்சாலை. கணவர் செய்துகொண்டிருந்த வேலை அது. இவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பாள். பதினொரு வருடத்துக்கு முன்னால், இவள் தண்ணீர் குடிக்கப் போன இரண்டு நிமிடத்தில் ஏணி சறுக்கி அவர் இடுப்பு முறிந்தது. அவர் கட்டிலோடு ஒதுங்கினார். இவள் ஏணியில் ஏறினாள். பொம்பளையாவது ஷட்டர் மாட்டுவதாவது என்று சிரித்தவர்களெல்லாம் ஒரே மாதத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டு பேருமாகச் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்தப் படிக்கட்டுக்கு அடியில் பத்தொன்பது வருடம்.

சங்கம் நல்லது செய்யவில்லை என்று சொன்னால் வாய் அழுகிப்போகும். அரசு ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகள் உட்காரப் பெஞ்சு போட்டது சங்கம்தான். பள்ளிக்கூட நூலகத்துக்கு அலமாரி, வருடா வருடம் கண் பரிசோதனை முகாம், தெருவில் நிழலுக்கு மரக்கன்று, எல்லாம் அவர்கள் கைவேலை. ஆனால் ஊருக்கெல்லாம் நல்லது செய்கிறவர்களுக்குத் தங்கள் காலடியில் உட்கார்ந்திருப்பவள் மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை? இதைத்தான் நான் கேட்கிறேன்.

சங்கத்தின் பெரிய நிகழ்ச்சி 'தெரு நாள்'. அன்று காலை வண்டிகளை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் வைப்பார்கள். அதற்குத் திறப்பு விழா ஒன்று உண்டு. உலகத்தில் வேறெங்கும் அப்படி இருக்குமா தெரியவில்லை. முதல் வருடம் ரிப்பனை யார் வெட்டுவது என்று வியாபாரிகள் சட்டையைப் பிடித்துக்கொள்ளாத குறை. அப்போது ஒருவர் சொன்னாராம்: "ரிப்பனே வேணாம். எல்லாரும் அவங்கவங்க கடைக்குள்ள ஷட்டரை மூடிட்டு நில்லுங்க. விசில் அடிச்சதும் ஒண்ணா தூக்குங்க. பெரியவன் சின்னவன் கிடையாது." அன்றிலிருந்து அதுதான் வழக்கம். விசில் ஊதும், நாற்பத்தொரு ஷட்டரும் தடதடவென்று ஒரே நேரத்தில் ஏறும், பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்துவார்கள். பிறகு செயலாளர் நோட்டும் பேனாவுமாகத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, ஏறிய ஷட்டரை எல்லாம் டிக் அடித்து எண்ணுவார். நாற்பத்தொன்று ஆனதும்தான் பந்தயம் தொடங்கும். ஒன்று குறைந்தாலும் பிள்ளைகள் கோட்டிலேயே நிற்க வேண்டியதுதான்.

அந்த நாற்பத்தொன்றும் ஒன்றாக ஏறுகிறதே, எப்படி ஏறுகிறது? தானாகவா? ஒரு வாரம் முன்னாலிருந்து ஷட்டர் அக்கா கடை கடையாகப் போய், ஸ்பிரிங்கை முறுக்கி, ஷட்டர் ஓடும் தடத்தில் மண்ணைச் சுரண்டி, கிரீஸ் போட்டு வருவாள். கூலி கேட்டதில்லை. "சங்கத்து வேலைதானே" என்பாள். இருபத்தைந்தாவது வருடத்துக்குச் சங்கம் மலர் ஒன்று வெளியிட்டது. அதில் தலைவரான ஜவுளிக்கடை முதலாளி தன் கடை வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் முழுப் பக்கத்துக்கு வந்தது. படத்தின் ஓரத்தில் ஒரு ஏணிக்கால், அதைப் பிடித்திருக்கும் ஒரு கை. மீதியை வெட்டிவிட்டார்கள். கையையும் வெட்டியிருப்பார்கள், வெட்டினால் தலைவரின் தோள் போய்விடும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள்.

அதைக்கூட அவள் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் படிக்கட்டுச் சுவரில் அறிவிப்பு ஒட்டியபோதுதான் அந்தச் சிரிப்பு போனது. வெள்ளிவிழா நினைவாகப் படிக்கட்டுக்கு அடியில் கல்வெட்டு வைக்கப் போகிறார்களாம். சங்கத்து இடத்தில் உறுப்பினர் அல்லாதவர் தொழில் செய்யக் கூடாது என்று தீர்மானமாம். தெரு நாள் முடிந்த மறுநாள் இடத்தைக் காலி செய்ய வேண்டுமாம். அவளுடைய ஸ்டூலுக்கு நேர் மேலே ஒட்டியிருந்தார்கள். ஒரு வார்த்தை வாயால் சொல்லக் கூடாதா? பத்தொன்பது வருடம் தலைக்கு மேலே ஏறி இறங்கிய கால்கள், இரண்டு நிமிடம் நின்று சொல்லியிருந்தால் தேய்ந்தா போயிருக்கும்?

அந்த இடம் போனால் அவளுக்குப் பிழைப்பு போனது. கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிற தொழில் அது. தெருவில் இல்லாதவளை யார் கூப்பிடுவார்கள்?

வீட்டில் கணவர் கட்டிலில் சாய்ந்தபடி அறிவிப்பைக் கேட்டுவிட்டுக் கொதித்துப்போனார்.

"உறுப்பினர் இல்லையாமா? அப்ப உறுப்பினர் ஆக்கச் சொல்லு!"

"அதெல்லாம் கடை இருக்கறவங்களுக்குத்தாங்க."

"கடைன்னா என்னவாம்? அவங்க விதிப் புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டு வா. சும்மா கண்ணைக் கசக்கிட்டு நிக்காதே."

"நான் எங்க கசக்கினேன்? கிரீஸ் பட்டுடுச்சு" என்றாள் அவள், முந்தானையால் துடைத்துக்கொண்டே.

மறுநாள் மாலை மாடியில் கமிட்டி கூட்டம். அவள் கையில், உறுப்பினராகச் சேர்க்கச் சொல்லி ஒரு விண்ணப்பம். சொல்ல வேண்டிய சங்கதி இன்னொன்றும் இருந்தது. ஜவுளிக்கடை முதலாளி வெள்ளிவிழாவுக்கென்று தன் கடைக்கு மோட்டார் ஷட்டர் மாட்டியிருந்தார். "இனிமே உன் கிரீஸ் டப்பா எங்க பக்கம் வர வேணாம்மா. பட்டனைத் தட்டினா போதும், தானா ஏறும்" என்று நாலு பேர் முன்னால் சொல்லியும் இருந்தார். சரி, இருக்கட்டும். ஆனால் அவரே கையெழுத்துப் போட்டு மின்சார ஆபீசுக்கு அனுப்பிய கடிதத்தின் நகலும் அறிவிப்புப் பலகையில் தொங்கியது. மின்கம்பங்களுக்குக் குறுக்கே தோரணம் கட்டுவதால், தெரு நாளன்று காலை எட்டு மணி முதல் பந்தயம் முடியும்வரை தெரு முழுவதும் கரண்டை நிறுத்த வேண்டும் என்று கேட்டிருந்தார். கரண்ட் இல்லாமல் மோட்டார் எப்படி ஓடும்? இத்தனை பெரிய மனிதர்கள் கூடி எழுதிய கடிதத்தில் ஒருத்தருக்கும் இது உறைக்கவில்லை.

தலைவர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு மேசையில் போட்டார். "நாலாவது விதியைப் படிப்பா" என்றார் செயலாளரிடம்.

செயலாளர் நோட்டுப்புத்தகக் கடைக்காரர். தலைவர் முன்னால் தும்முவதற்குக்கூட அனுமதி கேட்பவர். தலையைக் குனிந்தபடி படித்தார்: "இந்தத் தெருவில் ஷட்டருக்குப் பின்னால் தொழில் செய்யும் எவரும் உறுப்பினராகலாம்."

"கேட்டியாம்மா? ஷட்டர் எங்க?" என்றார் தலைவர். ஐந்தாறு பேர் சிரித்தார்கள்.

ஊரிலுள்ள ஷட்டரையெல்லாம் தூக்கிவிட்டவளைப் பார்த்து உன் ஷட்டர் எங்கே என்று கேட்கிறார்கள்! சிரிக்கவும் செய்கிறார்கள்! அவள் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் அடக்கிக்கொண்டு, "சரிங்க முதலாளி. இன்னொரு விஷயம், உங்க மோட்டார்..." என்று தொடங்கினாள்.

"உறுப்பினர் இல்லாதவங்க கூட்டத்துல பேசக்கூடாது. கீழ போம்மா."

போனாள். போகும்போதே படிக்கட்டின் உயரத்தைக் கண்ணால் அளந்துகொண்டு போனாள்.

வீட்டுக் கொல்லையில் அவள் கழற்றிக் கொண்டுவந்த பழைய தகடுகள் கிடந்தன. மருந்துக்கடைப் பச்சை, பாத்திரக்கடை நீலம், இன்னும் நாலு கடைகளின் நிறம், ஜவுளிக்கடையின் அரக்குச் சிவப்பு. மோட்டார் வந்ததும் தூக்கிப் போட்டது அது. மூன்றடி அகலத்துக்கு வெட்டினாள். கணவர் கட்டிலில் படுத்தபடியே ஸ்பிரிங்கை மடியில் வைத்து முறுக்கிக் கொடுத்தார். "ரெண்டு சுத்து குறைச்சுக்கோ. சின்ன ஷட்டர், துள்ளிடும்" என்றார். தெரு நாளுக்கு முந்தின மதியம், படிக்கட்டு உயரமாக இருக்கும் பக்கத்தில் தடத்தை அடித்து, உருளையை மாட்டி, தகடுகளைக் கோத்து இறக்கினாள். மூன்றடி அகலம், ஐந்தடி உயரம், ஏழு நிறம். வழியே போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

தலைவரும் பார்த்தார். "என்னம்மா விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்லீங்க. ஷட்டர். பின்னாடி தொழில் இருக்கு. எத்தனை அடி இருக்கணும்னு உங்க விதியில போடல."

"விழா முடியட்டும். நாளை மறுநாள் எல்லாத்தையும் கழட்டிடுவாங்க" என்று அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு மாடி ஏறினார்.

தெரு நாள் காலை. தலைக்கு மேலே தோரணம், கோட்டில் முந்நூறு பிள்ளைகள், இரண்டு பக்கமும் கூட்டம். எட்டு மணிக்குக் கரண்ட் போனது. எல்லாக் கடைக்காரர்களும் உள்ளே புகுந்து ஷட்டரை இறக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். தலைவர் எட்டுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே உள்ளே போய், பட்டனைத் தட்டி ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார், புதுச் சட்டை, கையில் மாலையோடு. ஷட்டர் அக்கா தன் மூன்றடிக்குள் பெட்டியின் மேல் குந்திக்கொண்டு ஷட்டரை இறக்கினாள். உள்ளே இருட்டு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விசிலுக்குக் காது கொடுத்தாள்.

செயலாளர் விசில் ஊதினார்.

தடதடவென்று தெரு அதிர்ந்தது. அவளும் தூக்கினாள். ரெண்டு சுற்றுக் குறைத்த ஸ்பிரிங் பூப்போல மேலே போனது. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் அந்தக் குட்டி ஷட்டரைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

செயலாளர் எண்ணிக்கொண்டு வந்தார். ஏறிய ஷட்டரைக் கண்டால் டிக் அடிப்பது அவர் கைக்குப் பழகிப்போன வேலை. படிக்கட்டுக்கு வந்தார், பார்த்தார், ஒரு கணம் பேனா நின்றது. பிறகு டிக் அடித்தது. தெருவின் கடைசிக் கடை ஜவுளிக்கடை. அது இறங்கியே கிடந்தது. உள்ளேயிருந்து தகட்டில் டம் டம் என்று குத்தும் சத்தமும், "ஏய், கரண்டைப் போடச் சொல்லுங்கடா!" என்ற அலறலும் வந்தன.

செயலாளர் நோட்டைப் பார்த்தார். நாற்பத்தொரு டிக். மூடிக் கிடந்த ஷட்டரைப் பார்த்தார். வெயிலில் முந்நூறு பிள்ளைகள். செயலாளராக இருந்த ஆறு வருடமும் தலைவரை மீறி வாயைத் திறக்காத அந்த மனிதர் பேட்டரி மைக்கை வாய்க்கு நேராகத் தூக்கினார்.

"நாற்பத்தொரு ஷட்டரும் ஏறியாச்சு! ஓடுங்க!"

பிள்ளைகள் பறந்தார்கள். கூட்டம் போட்ட கூச்சலில் தலைவரின் குரல் எங்கே கேட்கப் போகிறது? வெள்ளிவிழாப் பந்தயத்தை அவர் இரும்புத் தகட்டுக்கு உள்ளே நின்று கொண்டாடினார்.

வேறொருத்தியாக இருந்தால், கிடக்கட்டும் என்று விட்டிருப்பாள். இவள் எழுந்து போய் ஜவுளிக்கடை ஷட்டரில் வாயை வைத்துச் சொன்னாள்: "முதலாளி, நான்தான். மோட்டாருக்கு இடப்பக்கம் தடவிப் பாருங்க, ஒரு சங்கிலி தொங்கும். அதைப் பிடிச்சு இழுங்க. மெதுவா."

"இருட்டா இருக்கும்மா!"

"எனக்கும் இருட்டாத்தாங்க இருந்துச்சு. இழுங்க."

இழுத்தார். ஷட்டர் விரல் கனம் விரல் கனமாக ஏறியது. முதலில் செருப்பு தெரிந்தது, அப்புறம் வேட்டி, அப்புறம் வாடிய மாலை, கடைசியில் வியர்த்து வழியும் முகம். புதுச் சட்டை முழுக்கக் கிரீஸ். அதற்குள் பந்தயம் முடிந்து முதல் பரிசுக்காரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"என்னை விட்டுட்டு யாரு ஆரம்பிக்கச் சொன்னது?" என்று செயலாளர் மேல் பாய்ந்தார்.

"நாற்பத்தொண்ணு ஆயிடுச்சு தலைவரே."

"என் கடை மூடியிருக்கும்போது எப்படிய்யா ஆகும்?"

எல்லாத் தலையும் படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. ஏழு நிறத்து ஷட்டர் மேலே சுருண்டிருந்தது. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை.

செயலாளர் நோட்டை நீட்டினார். "தப்புன்னா திருத்திடலாம் தலைவரே. இல்லேன்னா உங்க கடை இந்த வருஷம் கணக்குல இல்லேன்னு எழுதணும். இல்லேன்னா நாற்பத்திரண்டுன்னு எழுதணும். நீங்களே எழுதிடுங்க."

தெரு முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் பேனாவை வாங்கினார். கிரீஸ் விரலால் நாற்பத்தொன்றை அடித்துவிட்டு நாற்பத்திரண்டு என்று எழுதினார்.

"இப்ப திருப்தியாம்மா? நீயும் உறுப்பினர்தான், போ" என்றார், தர்மம் போடுகிற குரலில்.

அந்தக் குரலைக் கேட்டதும்தான் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன திருப்தி முதலாளி? பத்தொன்பது வருஷம் உங்க படிக்கு அடியிலதான் உக்காந்திருந்தேன். ஏறும்போதும் பாத்தீங்க, இறங்கும்போதும் பாத்தீங்க. அப்பல்லாம் தெரியாத மனுஷி, நீங்க தூக்கிப் போட்ட தகட்டை முன்னால தொங்கவிட்டதும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சேனா?"

அவள் திரும்பிப் போய், சுவரில் தன் ஸ்டூலுக்கு மேலே ஒட்டியிருந்த அறிவிப்பைக் கிழித்து, அதிலேயே கையிலிருந்த கிரீஸைத் துடைத்தாள்.