தங்கச்சி கேப்டன்

மெல்பர்னில் சனிக்கிழமை காலை பிள்ளைகள் கால்பந்து ஆடும்போது, எதிரணிப் பையன் கோல் போட்டாலும் பெற்றோர்கள் கை தட்டுகிறார்கள். ஊரில் இருக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். வந்து வருடக்கணக்காகியும் எனக்கு இது பிடிபடவில்லை. தன் பிள்ளை தோற்கும்போது சிரிக்கிற ஆளை எப்படி நம்புவது?

என் மகன் கதிரும், அவனுக்கு ஒரு வயது இளைய மகள் நிலாவும் ஒரே அணி. போன மாதம் பயிற்சியாளர் கிரெக் நிலாவைக் கேப்டன் ஆக்கினார். மூத்தவன் குத்துக்கல்லாட்டம் நிற்கும்போது இளையவளுக்கு எதற்குப் பட்டம்? எனக்குச் சுருக்கென்றது. சின்ன வயதில் எங்கள் ஊர் விக்கிரமசிங்கபுரத்தில் அண்ணனும் நானும் ஒரே கபடி அணி. எதிராளி பாடி வரும்போது அடுத்தடுத்து நின்று கைகோத்துப் பிடிப்போம். எங்களிடம் தப்பியவன் குறைவு. சீவலப்பேரிப் போட்டிக்கு முன்னால் எங்கள் கேப்டன் என் தோளில் கைபோட்டு, "ஏலே, ஆட்டக்காரன் நீதாம்லே. ஒங்க அண்ணன் சும்மா ஒடம்ப வச்சுக்கிட்டு நிக்கான்" என்றான். அண்ணனிடம் என்னைப் பற்றியும் இதையே சொல்லியிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று ஆட்டத்தின் நடுவே கோத்த கை விட்டுப்போனது. யார் விட்டது என்று தொடங்கிய சண்டை, இன்று கல்யாண வீட்டில் தலையாட்டிக்கொள்வதோடு நிற்கிறது. சூடு கண்ட பூனை நான். பாராட்டுகிற வாயைக் கண்டாலே பயம்.

கிரெக்கிடம் போய், "பையன்தானே மூத்தவன்?" என்று கேட்டேன். பெண் பிள்ளைகளும் நன்றாகத் தலைமை தாங்குவார்கள் என்று அவர் பொறுமையாக விளக்கினார். பெண் என்பதால் தடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். இரண்டையும் பிரித்துவிடாதீர் ஐயா என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரவில்லை.

நிலா பையை எடுக்கப் போன நேரம், கார் பக்கத்தில் கதிரை மடக்கினேன்.

"ஏலே, கிரெக் தங்கச்சியப் பத்தி ஒங்கிட்ட தனியா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. அவளப் போடுங்கன்னு நாந்தான் சொன்னேன்."

"எதுக்குலே? அவ கேக்கச் சொன்னாளா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "கிரெக் ஒரு நாளும் எங்கள இப்படிக் கேட்டதில்லப்பா. நீங்கதான் எங்கிட்ட அவளப் பத்தியும், அவகிட்ட என்னயப் பத்தியும் தனித்தனியாக் கேக்கிய."

வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. அடுத்த சனிக்கிழமை மற்ற பெற்றோர்களோடு போய் நிற்க மனம் வரவில்லை, காருக்குள் அடைந்து கிடக்கவும் முடியவில்லை. கதவைத் திறந்துவைத்து, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலைப் புல்லிலும் வைத்தபடி ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.