கசப்புப் பை

கொடுவா மீனின் வயிற்றைக் கீறும்போது சம்பூர்ணம் யாருக்கும் பதில் சொல்வதில்லை. இரண்டு விரலை உள்ளே விட்டு, கண்ணை முட்டுக்காட்டுப் பாலத்தின் மேல் வைத்துக்கொண்டு, பச்சை நிறப் பித்தப்பையை உடையாமல் உருவி எறிந்த பிறகுதான் வாய் திறப்பார். “இப்ப சொல்லு. இன்னா கேட்ட?”

அந்தப் பை உடைந்தால் மீனே கசந்துவிடும். “கய்வுனா போவாது. பட்ட சதைய அரிஞ்சு கடாசிடணும்.”

பிறர் வாங்கிவரும் மீனை வெட்டிக் கொடுப்பது அவர் தொழில். புருவம்வரை செதில் ஒட்டியிருக்கும். காலில் மகன் கழற்றிப்போட்ட கிரிக்கெட் ஷூ.

நான் மொழிபெயர்த்துப் பிழைப்பவன். ஆங்கிலத்தில் ‘எம்பிட்டர்’ என்று அதிகம் புழங்காத ஒரு வினைச்சொல் உண்டு, கசக்கச் செய்வது. உணவுக்கும் சொல்லலாம் என்கிறது அகராதி. எழுதுகிறவர்களோ அதை மனிதர்களுக்கே வைத்திருக்கிறார்கள். சம்பூர்ணத்துக்கு இரண்டும் தெரியும்.

பக்கத்து அரிவாள்மனை அவர் தங்கை பூங்கொடியுடையது. இருவருக்கும் பேச்சில்லை. பூங்கொடியின் புருஷன் பிணத்தைக் கிடத்தியிருந்த அன்று, ஊர் கூடியிருந்த இடத்தில் சம்பூர்ணம் சொல்லிவிட்டார்: “இவ ஒயுங்கா தட்டிக் கேட்டிருந்தா அவன் குடிச்சு செத்திருப்பானா?”

“நெசத்ததான் சொன்னேன்” என்பார் இன்றும் வீறாப்பாக. சொல்லிவிட்டு, சுத்தமாக இருக்கும் அரிவாள்மனையை மறுபடி கழுவுவார்.

இப்போது பூங்கொடிக்குக் கண்ணில் புரை. கீறும்போது பை உடைந்துவிடுகிறது. குழம்பு கசந்ததென்று நாவலூர் வாடிக்கைக்காரர்கள் மீனைச் சம்பூர்ணத்திடம் நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. “அங்க குட்த்துகினு இருந்தவங்க அங்கயே குடுங்க.” அவர்கள் அங்கேயும் கொடுக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். தங்கையின் பிழைப்பு கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூங்கொடியிடம் வந்தவர் ஒரே ஒருவர். “இந்தத் தடவையாவது பாத்து வெட்டும்மா” என்று பெரிய கொடுவாவைக் கொடுத்துவிட்டு நின்றார். பூங்கொடி மீனைக் கண்ணருகே கொண்டுபோனார். வயிற்றைத் தடவினார். கீறத் துணிவு வரவில்லை.

சம்பூர்ணம் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார். தங்கை பக்கம் திரும்பவில்லை. ஈரக் கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையை விரித்து, அப்படியே வைத்திருந்தார். வெகுநேரம் கழித்துப் பூங்கொடி மீனை அதில் வைத்தார்.