ஒழுங்காகச் செய்த தப்பு

பாவாவின் மவுஸில் இடது பக்கம் மட்டும் தேய்ந்து, விரல் வைக்க ஒரு பள்ளமே விழுந்திருந்தது. பாவா என் அக்காவின் கணவர். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டிவிட்டு டவுன் பஸ்ஸில் திருத்தணி வந்து இறங்கியதும், டீகூடக் குடிக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவர் ஆடிய ஆன்லைன் விளையாட்டில் பாறையை வெட்டிக் கனிமம் எடுக்க வேண்டும். ஒரே பாறையை நூற்றுக்கணக்கான தடவை தட்ட வேண்டும். யாருக்கும் அலுத்துப்போகும். பாவாவுக்கு அலுக்கவில்லை. எந்தெந்த ஊரிலோ இருந்த முப்பது பேர் அவரைத் தலைவராக வைத்துக்கொண்டு ‘நைனா’ என்று கூப்பிட்டார்கள். வீட்டில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது என்று அக்கா கேலி செய்வாள்.

ஒருநாள் அவருடைய கணக்கு முடக்கப்பட்டது. ஆடியது மனிதனல்ல, தானாக ஓடும் நிரல் என்று அந்த விளையாட்டின் காவல் மென்பொருள் முடிவு கட்டிவிட்டது. நைனா ஏமாற்றிவிட்டார் என்று முப்பது பேரும் நம்பினார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அப்போது நான் தினமும் ரயிலில் சென்னைக்குப் போய் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். “நான்தாம்மா ஆடிகினு இருந்தேன். அது இன்னாத்தப் பாத்து என்ன மெஷினுன்னு சொல்லுது? கொஞ்சம் பிரிச்சுப் பாத்து சொல்லேன்” என்றார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று பெரிய கெட்டிக்காரி மாதிரி சொல்லிவைத்தேன்.

பிரிக்கப் பிரிக்க எனக்குத்தான் தலை சுற்றியது. சோதிப்பதற்கென்று என் பெயரில் புதுக் கணக்கு தொடங்கியிருந்தேன். அந்த மென்பொருள் ஒவ்வொரு முறை ஓடும்போதும் தன்னை வேறு மாதிரி அடுக்கிக்கொண்டது. போன வாரம் குறித்துவைத்த இடத்தில் இந்த வாரம் வேறு எதுவோ இருந்தது. பாதி வரிகள் எந்த வேலையும் செய்யவில்லை. என்னைப் போன்றவர்கள் வழி தவறட்டும் என்றே போட்டவை. நான் கவனிக்கிறேன் என்று தெரிந்தால் விளையாட்டையே மூடிவிடும். ஆறு ஞாயிறு கழித்து ஒன்று மட்டும் புரிந்தது. ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை அது வெளியே அனுப்புகிறது. தீர்ப்பு எங்கோ தொலைவில் உள்ள கணினியில் எழுதப்படுகிறது. அங்கே எனக்கு வழியில்லை. பாவாவின் பழைய ஆட்டப் பதிவைத் திறந்து பார்த்தேன். இடைவெளிகள் அச்சடித்தது போல ஒரே அளவாக இருந்தன.

பாவா முறையிட்டுக்கொண்டே இருந்ததால், ஒரு மணி நேரம் ஆடிக்காட்டச் சொல்லி விளையாட்டு நிறுவனம் ஒரு வாய்ப்புக் கொடுத்தது. “மெஷின் தப்பே பண்ணாது பாவா. நீங்க நடுநடுவுல தப்பு பண்ணுங்க” என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவ்வப்போது பாறையை விட்டு வெற்றிடத்தில் தட்டினார். எனக்கு நம்பிக்கை வந்தது. மறுநாளே நிரந்தரத் தடை வந்தது. பதிவை எண்ணிப் பார்த்தேன். பதினாறு தட்டலுக்கு ஒரு தப்பு, கடைசிவரை மாறவேயில்லை.

“கட்டம் போட்ட லுங்கில பதினாறு ஊடை நூலு குறுக்கால ஓடனா கலர் மாறும்மா. கை அந்தக் கணக்குலயே போயிடுச்சு. நீ சொன்னாமாரி ஒயுங்காதான தப்பு பண்ணேன்?” என்றார் பாவா.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தப்பித்திருப்பாரா? இல்லை, அந்த மென்பொருள் வேறெதையோ பார்த்ததா? இன்று இப்படிப்பட்ட மென்பொருள்களைப் பிரித்துப் பார்த்துத்தான் சம்பாதிக்கிறேன். இன்னும் தெரியவில்லை.

அன்றைக்குக் கடைசியாக அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அவங்க போவட்டும். நான்தான் ஆடனேன்னு உனக்காவது தெரியும்ல?”

தெரியும். ஆனால் மெஷின் போலவே இருந்த அந்த எண்களைப் பார்த்தவளும் நான்தான். “ஆங் பாவா” என்று சொல்ல எனக்கு ஒரு நொடி பிடித்தது. அந்த ஒரு நொடியை அவர் கவனித்துவிட்டார்.