வழியனுப்பு விழாவில் வாசித்த பக்கம்

நகரத்தின் நட்டநடுவில், நாலு பக்கமும் பஸ் சுற்றிப்போகும் பழைய பூங்காவில்தான் எங்களுக்கு வேலை. அங்கே செடிகளுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவளைக் குழாயக்கா என்போம். அவள் புருஷன் முன்பு எங்களோடு கிளை வெட்டும் மரமேறியாக இருந்தவர்.

பூங்காவின் நூற்றைம்பதாவது ஆண்டு விழாவுக்கு, வாத்திய மண்டபத்தின் மேல் கவிந்திருந்த கிளையில் விளக்குக் கட்டச் சொன்னார் சூப்பிரண்டு. கிளை உளுத்துவிட்டது என்று மன்றாடிப் பார்த்தார் மரமேறி. பலிக்கவில்லை. ஏறினார், கிளையோடு வந்து விழுந்தார். இடுப்பு நொறுங்கியது. 'குடித்துவிட்டு ஏறினான்' என்று சூப்பிரண்டிடமிருந்து மேலே அறிக்கை போனது. ஒரு சொட்டுத் தொடாத மனுஷன். மகளைப் பள்ளிக்கூடத்தில் 'குடிகாரன் பொண்ணு' என்றார்கள். எங்களுக்கு உண்மை தெரியும். வாயைத் திறக்கவில்லை.

பிறகுதான் ஒப்பந்தக்காரர் மூலம் அவள் வேலைக்கு வந்தாள். வயிற்றுப்பாட்டுக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தோம். சூப்பிரண்டுக்கு அடையாளமே தெரியவில்லை.

மூன்றாம் வருஷம் பம்ப் அறையைக் கழுவும்போது, மூட்டையில் பழைய வேலைப் பதிவேடு கிடைத்தது. 'கிளை உளுத்துவிட்டது, வெட்ட வேண்டும்' என்று புருஷன் கையெழுத்து. கீழே பச்சை மையில், 'விழா முடியட்டும்' என்று சூப்பிரண்டு. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியின் அடியில் வைத்தாள். இரண்டு வருஷம் மூச்சுவிடவில்லை.

சூப்பிரண்டின் வழியனுப்பு விழா அதே மண்டபத்தில் நடந்தது. கழுத்து கொள்ளாத மாலை. முன்வரிசையில் மனைவி, பேரப்பிள்ளைகள். மேலதிகாரியும் வந்திருந்தார். ஊழியர்கள் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றதும் குழாயக்கா மேடையேறி, அந்தப் பக்கத்தை நிதானமாக வாசித்தாள். ஒலிபெருக்கி பஸ் நிறுத்தம்வரை கேட்டது.

"யாரும்மா நீ?" என்றார் சூப்பிரண்டு.

"கிளையோட விழுந்தாரே, அவர் பொண்டாட்டி. அஞ்சு வருஷமா தெனமும் உங்களுக்கு வணக்கம் வச்சேனே சார். குடிச்சிட்டு ஏறுனார்னு எழுதுனதும் இதே கைதானே?"

சூப்பிரண்டின் மனைவி பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறினாள். மேலதிகாரி பதிவேட்டை வாங்கிக்கொண்டார். விசாரணை நடந்து, 'குடித்துவிட்டு' என்ற சொல் அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டது. சூப்பிரண்டு மேல் வழக்கும் பாய்ந்தது.

ஆனால் விழா நடந்த அன்று மாலையே புருஷன் கேட்டாராம்: "ரெண்டு வருஷம் கையில வச்சிருந்தியா? கெடச்ச அன்னிக்கே குடுத்திருந்தா நான் அப்பவே தலை நிமிந்திருப்பேனே?"

"ரூமுக்குள்ளயே பேசி அமுக்கியிருப்பாங்க. சூப்பிரண்டு தன் குடும்பத்துக்கு முன்னாடி தலை குனியணும்ல?"

புருஷன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாராம். மூன்று நாள் பேசவில்லை.

"வருத்தமா இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"அவர் பேசாததுக்கு வருத்தந்தான். செஞ்சதுக்கு இல்ல. மாலையைக் கழட்டக்கூடத் தோணாம அந்த ஆளு படியிறங்குனதை நெனச்சா, அதுக்காக இன்னும் ரெண்டு வருஷம்கூடக் காத்திருந்திருப்பேன்."